கெட் டவுன், கெட் டவுன்! – சித்தூர் பஸ்ஸில் ஏறிய இங்கிலீஷ்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் ஆர்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டர் "திகண்டி, திகண்டி" என்று தெலுங்கில் சொல்லுவார். வெளியூர்க்காரர் யாராவது முழித்தால், "கெட் டவுன் சார், கெட் டவுன்". சாரும் மூட்டையோடு இறங்கிவிடுவார். இதே வார்த்தையை அமெரிக்காவில் ஒரு நெரிசலான பஸ்ஸில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். (தயவுசெய்து சொல்லிப் பார்க்காதீர்கள்!) எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவார்கள். யாரோ துப்பாக்கி எடுத்துவிட்டான் என்று அர்த்தம் :-)

இங்கே பஸ்ஸிலிருந்து இறங்கினால் கெட் ஆஃப். காரிலிருந்து இறங்கினால் கெட் அவுட். படியில் இறங்கினால் கோ டவுன். மரத்திலிருந்து இறங்கினால் மட்டும்தான் நம்ம கெட் டவுன் செல்லுபடியாகும். நமக்கோ நாலும் ஒன்றுதான், இறங்கு. தெலுங்கிலும் நாலும் ஒன்றுதான், திகு.

ஊரிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் எங்களோடு இருக்கும்போதெல்லாம் வீட்டில் இந்தப் பஞ்சாயத்து நடக்கும். பாட்டி "கெட் டவுன்" என்பார், பதினொரு வயசுப் பேத்தி "தப்பு பாட்டி, கெட் ஆஃப்" என்பாள். பாட்டி "ஐ ஹேவ் ஸ்டார்ட்டட்" என்று போனில் சொல்லுவார், பேத்தி "என்ன ஸ்டார்ட் பண்ணீங்க?" என்று கேட்பாள். இந்த மாதிரி பத்துத் தடவை நடந்தால் பாட்டி அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வாயே திறப்பதில்லை. எனக்குத் தகராறு அந்தத் "தப்பு" என்கிற வார்த்தையோடுதான். அது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தோண்டினால், எங்கள் ஊர்ச் சரித்திரமே கூட வருகிறது.

முதலில் இந்த இரட்டை வினைகள். கோ அவுட், கம் இன், செட் ஆஃப், ரன் அவே மாதிரி ஒரு குட்டி வினையும் ஒரு குட்டி ஒட்டும் சேர்ந்து வருவது. வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் அதிகம் தடுமாறுவது இதில்தான் என்று 1755-லேயே சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையில் சொல்லிவிட்டார். அப்போது இதற்குப் பெயர்கூடக் கிடையாது. 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சில் பரவியது 1925-ல், லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய ஒரு புத்தகத்தால். அவரும் அதைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி என்று எழுதிவைத்தார். பெயர் வைக்கவே அவர்களுக்கு நூற்று எழுபது வருஷம் ஆன விஷயத்தில் எங்கம்மா தடுமாறினால் என்ன ஆச்சரியம்?

தடுமாற்றத்துக்குக் காரணம் ஞாபகசக்தி இல்லை. அமைப்பே வேறு. லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-ல் இதை ரொம்பத் தெளிவாக விளக்கினார். ஒரு நகர்வில் இரண்டு சங்கதி இருக்கிறது: எந்தப் பக்கம் போகிறோம் என்கிற வழி, எப்படிப் போகிறோம் என்கிற விதம். ஆங்கிலம் விதத்தை வினையில் வைத்துவிட்டு வழியை ஒட்டில் வைக்கும். "தி பாய் ரேன் இன்" என்றால் ரேன் என்பது விதம், இன் என்பது வழி. நாம் இதை அப்படியே தலைகீழாகச் சொல்கிறோம். "பையன் உள்ளே ஓடி வந்தான்". ஓடி என்பது வினையெச்சமாக முன்னால் போய்விட்டது, வந்தான் என்பது வாக்கியத்தை முடிக்கிறது. வாக்கியம் நிற்பது வழியைச் சொல்லும் வினையில். தெலுங்கும் இதே ஜாதி.

ஏறு, இறங்கு, நுழை, புறப்படு, திரும்பு, கட. வழியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வினைகள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன. ஆங்கிலத்திலும் இருக்கின்றன, என்டர், டிசெண்ட், ரிட்டர்ன் என்று. ஆனால் அவை பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்தவை. கோட்டு போட்டுக்கொண்டு வருகிற வார்த்தைகள். சமையலறையில் யாரும் டிசெண்ட் ஆவதில்லை.

இப்போது எங்கள் பக்கத்துச் சரித்திரத்துக்கு வருகிறேன். சித்தூரில் ஆங்கிலம் குடியேறியது 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1801-ல் ஆற்காடு நவாபின் சீமை கம்பெனி கைக்குப் போனது. வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம் சித்தூர். கலெக்டர் அங்கேதான். 1843 வரை திருமலைக் கோயிலின் நிர்வாகமும் கம்பெனியிடமே இருந்தது. 1821-ல் 'புரூஸ் கோட்' என்று ஒரு விதித் தொகுப்பே போட்டு, கோயிலை எப்படி நடத்துவது என்று எழுதி வைத்தார்கள். 1843-ல்தான் ஹாதிராம்ஜி மடத்து மஹந்துக்களிடம் ஒப்படைத்தார்கள். 1933-ல் தேவஸ்தானம் அமைந்தது. ஆக எங்கள் ஜில்லாவுக்கு முதலில் வந்தது பேச்சு ஆங்கிலம் இல்லை, காகித ஆங்கிலம். குமாஸ்தாவின் ஆங்கிலத்தில் ஆட்கள் 'டிபார்ட்' ஆவார்கள், பணம் 'ரெமிட்' ஆகும். கெட் ஆஃப், கெட் ஆன் எல்லாம் துரை வீட்டுக்குள் துரைசாணி பிள்ளைகளிடம் பேசிய பாஷை. அது தாலுகா ஆபீஸ் வரை வரவில்லை.

அப்புறம் பள்ளிக்கூடங்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் ஊரறிந்த உதாரணம் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888-ல் திருத்தணியில் பிறந்தவர். திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்து, 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகப் போனார். இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு மலையில் இல்லை. ஆனாலும் அங்கே படிக்கப் போவதை 'கோ அப்' என்பார்கள், படிப்பு முடிந்து கிளம்பினால் 'கோ டவுன்', ஒழுங்கீனத்துக்காகத் துரத்தினால் 'சென்ட் டவுன்'. சமதளத்தில் உட்கார்ந்துகொண்டு மேலே, கீழே என்கிறார்கள்! திருப்பதிப் பள்ளியில் படித்தவருக்கு அது புதுசாகவே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்களுக்கு "மேலே போயிட்டு வந்தியா?" என்றால் பெருமாளைப் பார்த்தாயா என்று அர்த்தம். மேல்திருப்பதி, கீழ்த்திருப்பதி என்பது ஊர்ப்பெயரே ஆகிவிட்டது.

அந்த மேலே போவது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அலிபிரியிலிருந்து படி ஏறித்தான் போக வேண்டும். மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். முடியாதவர்களுக்கு டோலி. முதல் மலைப்பாதை 1944-ல் திறந்தது. இரண்டாவது பாதை 1974-ல். அதற்குப் பிறகு ஒரு விசேஷமான ஏற்பாடு: புதுப் பாதை ஏறுவதற்கு, பழைய பாதை இறங்குவதற்கு. ஒரே ஊருக்கு ஏறு என்று ஒரு ரோடு, இறங்கு என்று ஒரு ரோடு! காலால் ஏறினாலும் பஸ்ஸில் ஏறினாலும் டோலியில் ஏறினாலும் எங்களுக்கு வார்த்தை மாறவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி, அந்த பஸ் மலைமேல் ஏறி, மேலே போய் இறங்கி, தரிசனம் ஆகி, மறுபடி பஸ் ஏறி, மலை இறங்கி வருவோம். இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்ல எத்தனை விதமான ஒட்டு வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்போது கெட் டவுனுக்குத் திரும்பலாம். இறங்கு, திகு இரண்டையும் ஆங்கிலத்தில் தேடினால் டவுன்தானே கிடைக்கும். பாதி விளக்கம் அது. மீதிப் பாதி இங்கிலாந்திலேயே இருக்கிறது. குதிரை வண்டிக் காலத்தில் வெள்ளைக்காரர்களும் வண்டியிலிருந்து கெட் டவுன்தான் ஆனார்கள். 19-ம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் இது சர்வ சாதாரணம். இன்றும் அங்கே சாப்பாடு முடிந்த குழந்தை மேசையை விட்டு எழுந்திருக்க "மே ஐ கெட் டவுன்?" என்று அனுமதி கேட்கும். ஜட்காவுக்குச் சரியாக இருந்த வார்த்தையை நாம் ஜட்கா போனபிறகு பஸ்ஸுக்கும் வைத்துக்கொண்டோம். அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான் கதை. பஸ், ரயில், கப்பல், விமானம் என்று உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு ஆன், ஆஃப். உட்கார மட்டுமே இடமுள்ள காருக்கு இன், அவுட். கிட்டத்தட்ட அப்படி. குதிரை, சைக்கிளுக்கும் ஆன், ஆஃப்தான், அதில் யார் எழுந்து நடப்பது? விதி சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இடத்தில் இருமிக்கொள்வார்கள்.

தேசத்துக்குத் தேசம் இது வேறு மாதிரி முளைத்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்களிடம் கேளுங்கள், பஸ்ஸிலிருந்து 'அலைட்' ஆவார்கள். ரயில்வே அறிவிப்பில் மட்டும் இருந்த கோட்டு போட்ட வார்த்தை அங்கே வீட்டு வார்த்தை. இலங்கை ஆங்கிலத்தில் கெட் டவுன் என்றால் வரவழைப்பது. லண்டனிலிருந்து ஒரு புத்தகத்தை கெட் டவுன் பண்ணுவார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவைக் கொழும்புக்கு கெட் டவுன் பண்ணுவார்கள். நாம் 'இறக்குமதி' என்று சொல்வது ஞாபகம் வருகிறதா?

மறுபடி எங்கள் ஊர். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காடு, கடப்பை ஜில்லாக்களிலிருந்து பிய்த்து எடுத்துச் சித்தூர் ஜில்லா உண்டாக்கினார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசிய ஜில்லா. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதோடு போனது. ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தாலுகாவும் புத்தூர், சித்தூர் தாலுகாக்களின் சில பகுதிகளும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் சில பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின. எங்கள் வீடு நகரி பக்கம், அது ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அத்தைப்பாட்டி வீடு திருத்தணி பக்கம், அது மெட்ராஸுக்குப் போய்விட்டது. இரண்டு வீடும் இருந்த இடத்தில்தான் இருந்தன! வந்தது, போனது, நின்றது என்று எத்தனை வினை போட்டுச் சொன்னாலும், ஓர் அடி நகர்ந்தது கோடு மட்டும்தான்.

விளைவு, வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, மார்க்குக்கு இங்கிலீஷ் என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. அம்மா அந்தத் தலைமுறை. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் முறையே மாறிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், சென்னை மாநிலத்தில், 1950-களின் கடைசியில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 27,000 ஆரம்பநிலை ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது. ஒருவர் பத்துப் பேருக்கு, அந்தப் பத்துப் பேர் நூறு பேருக்கு என்கிற கணக்கில் பெருகுவதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் விழுந்தது. (மெட்ராஸில் பனிப்பந்து! பெயர் வைத்தவருக்குக் கத்திரி வெயில் தெரியாது போல.) 1958-ல் ஹைதராபாதில் மத்திய ஆங்கில நிறுவனம் வந்தது. இன்று அது இஃப்லு என்கிற பல்கலைக்கழகம். அந்தக் காலத்துப் புதுமுறையின் சாரம், செய்துகொண்டே சொல்வது. ஆசிரியர் கதவு வரை நடந்துகொண்டே, கதவுக்கு நடப்பதாக வாக்கியம் சொல்வார். ஸ்டேண்ட் அப், சிட் டவுன், கோ அவுட், கம் இன். அம்மாவின் ஆசிரியையும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம். இந்த நாலையும் அம்மா இன்றுவரை ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. வகுப்பறைக்குள் பஸ்ஸைக் கொண்டுவர முடியாததால் கெட் ஆஃப் மட்டும் விட்டுப்போயிற்று என்பது என் சொந்தத் தியரி.

சரி, மற்ற பாட்டி வாக்கியங்கள். கிளம்பிட்டேன் என்பதற்கும் தெலுங்கு பயலுதேராமுக்கும் வீட்டு ஆங்கிலத்தில் செட் ஆஃப், செட் அவுட் என்று ஒட்டு வேண்டும். நமக்கு ஒற்றை வினைதான் பழக்கம், அதனால் ஸ்டார்ட். "திரும்பி வந்துட்டேன்" என்பதில் இரண்டு வினை இருக்கிறது, அதனால் ஒன்றுக்கு ரிட்டர்ன், இன்னொன்றுக்கு பேக், மொத்தம் ரிட்டர்ன் பேக். "ஸ்டேஷன்ல விடறேன்" என்பதில் விடு மட்டும் போதும், அதனால் ட்ராப் மட்டும், ஆஃப் கிடையாது. பாருங்கள், ஓர் இடத்தில் ஒட்டு கூடுகிறது, ஓர் இடத்தில் குறைகிறது. ஆனால் ஒவ்வொன்றும் தமிழ்க் கணக்குப்படி மிகச் சரி.

நாம் மட்டும்தானா? ஸ்பானிஷும் நம்ம ஜாதிதான், வழியை வினையிலேயே வைக்கிற மொழி. மாடியிலிருந்து இறங்கவும் பஸ்ஸிலிருந்து இறங்கவும் அவர்களுக்கு 'பஹார்' ஒன்றே. அதனால் மயாமியில் கியூபா நாட்டு வழிவந்த குடும்பங்கள் காரிலிருந்து கெட் டவுன் ஆகிறார்கள். அங்கேயே பிறந்து ஆங்கிலத்தையே முதல் மொழியாகப் பேசுகிறவர்களும் அப்படிச் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதை மயாமி ஆங்கிலம் என்று ஒரு வட்டார வழக்காகவே பதிவு செய்கிறார்கள். அங்கே ஆராய்ச்சி, எங்க அம்மாவுக்கு மட்டும் சிவப்பு மையா?

இதைப் பேத்தியிடம் காட்டினேன். ஆர்வமாகப் படித்தாள். அடுத்து நான் கேட்டது அவளுடைய தமிழைப் பற்றி. அவள் சொல்லும் தமிழில் "அவ மாடியிலிருந்து கீழே நடந்தா" என்று வரும். நடந்து இறங்கினாள் என்று வராது. "பந்து வெளியே உருண்டது" என்பாள். உருண்டு போச்சு என்பது அவளிடம் இல்லை. பாட்டி ஆங்கிலத்தைத் தமிழ்போலச் செய்கிறார், பேத்தி தமிழை ஆங்கிலம்போலச் செய்கிறாள். இரண்டும் ஒரே கதவு, இவர் உள்ளே வருகிறார், அவள் வெளியே போகிறாள். எனக்குப் பயம் பேத்தி பக்கம்தான். பாட்டிக்கு ஆஃப் தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. இவளிடமிருந்து ஏறி, இறங்கி, நடந்து, உருண்டு என்கிற வினையெச்சங்கள் போய்விட்டால் தமிழ் வாக்கியத்தின் முதுகெலும்பே போய்விடும்.

அதனால் இப்போது வீட்டில் ஒரு விளையாட்டு ஓடுகிறது. உங்கள் வீட்டிலும் முயன்று பாருங்கள், செலவில்லாதது. ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும், மற்றவர் கடைசி வினையை ஒட்டாக்கி, முன்னால் இருக்கும் எச்சத்தை வினையாக்கிக் கொடுக்க வேண்டும். "தாத்தா நொண்டிக்கிட்டே உள்ளே வந்தார்" என்றால் லிம்ப்ட் இன். "புறா பறந்து போச்சு" என்றால் ஃப்ளூ அவே. "பல்லி ஊர்ந்து மேலே ஏறிச்சு" என்றால் க்ரால்ட் அப். பேத்தி முறை வரும்போது எதிர்த்திசை. 'டிப்டோட் அவுட்' என்று பாட்டியிடம் கொடுத்தாள். பாட்டி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: "பூனை மாதிரி அடி வச்சு வெளியே போனா." ஒட்டைத் தமிழாக்கப் பாட்டிக்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு வாக்கியம்தான் எந்தப் பக்கமும் மாற்ற முடியாமல் நிற்கிறது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு "போயிட்டு வரேன்" என்று சொல்வது. தெலுங்கில் போயொஸ்தா, இன்னும் மரியாதையாக வெள்ளொஸ்தானு. "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எங்கள் பக்கம் கிடையாது. அது திரும்பி வராதவர்களைப் பற்றிய பேச்சு. அம்மா அமெரிக்காவிலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் "ஐ வில் கோ அண்ட் கம்" என்றுதான் சொல்வார். சில சமயம் போகும்போதே "ஐ யாம் கமிங்" என்பார். என் அலுவலக நண்பர் ஒருவர் நைஜீரியாக்காரர். அவரும் சாப்பிடப் போகும்போது "ஐ யாம் கமிங்" என்று சொல்லிவிட்டு எழுந்து எதிர்ப்பக்கம் போவார். கூட இருக்கும் அமெரிக்கர்கள் விழிப்பார்கள். எனக்கு மட்டும் புரியும், மனுஷன் வரேன் என்கிறார்.

மகள் காலையில் பள்ளி பஸ்ஸுக்கு ஓடும்போது "பை, லீவிங்" என்று கத்துவாள். தமிழில் சொல்லு என்றால் "போறேன்" என்பாள். ஒவ்வொரு தடவையும் அம்மா அடுப்படியிலிருந்து "வரேன்னு சொல்லு, வரேன்னு சொல்லு" என்று வாசல் வரைக்கும் வந்துவிடுவார், கரண்டியோடு. ஒருநாள் அவள் நின்று கேட்டாள், "போறதும் வரதும் எப்படிப் பாட்டி ஒண்ணா நடக்கும்?" அம்மா சொன்னார்: "போறது நீ பாத்துக்கோ. வரது எனக்குச் சொல்லிட்டுப் போ."